ரோடன்பாக் கிராண்ட் க்ரூ: ஓக் தொட்டியில் முதிர்ந்த புளிப்பு பீரைச் சுவைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளிப்பு பீர் என்பது கெட்டுப்போன பீர்தானே?

இல்லை, ஆனாலும் இந்தச் சந்தேகம் எழுவதில் நியாயம் இருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் லாகர் வகை பீரில் புளிப்புத் தட்டினால், அது கெட்டுவிட்டது என்றுதான் பொருள். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளிப்பேறிக் கடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற, பின்தொடர்ந்து வரும் பாக்டீரியாக்கள் அதில் அமிலத்தை உண்டாக்குகின்றன. பெல்ஜியத்தின் சில பீர் ஆலைகள் இதே பாக்டீரியாக்களை விரட்டாமல் வைத்துக்கொண்டு, அவற்றுக்குக் கிடைக்கும் காற்றையும் காலத்தையும் மட்டும் கட்டுப்படுத்தின. அவ்வாறு ஈராண்டு காத்திருந்து பெற்ற புளிப்பு, கெட்டுப்போன பீரின் புளிப்பிலிருந்து வேறுபட்டது என்பதை ஒரு மிடறு குடித்தாலே உணரலாம்.

இங்கே எந்த பீரை எடுத்துக்கொண்டு பேசுகிறோம்?

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் ரூசலாரே என்ற ஊரில் காய்ச்சப்படும் ரோடன்பாக் கிராண்ட் க்ரூவை. ஃபிளாண்டர்ஸ் செந்நிற பீர் என்று அழைக்கப்படும் வகைக்கு இதுவே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ரோடன்பாக் சகோதரர்கள் 1821இல் அவ்வூரில் ஒரு சிறிய ஆலையை வாங்கியதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. எனினும் இன்று நாம் அறிந்த சுவைக்குக் காரணமானவராகச் சொல்லப்படுபவர், அடுத்த தலைமுறைகளில் வந்த யூஜின் ரோடன்பாக். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குச் சென்ற அவர், போர்ட்டர் என்ற கறுப்பு பீரை அங்குள்ள ஆலைகள் பெரிய மரத் தொட்டிகளில் நெடுநாள் கிடத்திப் பழையதையும் புதியதையும் கலந்து விற்ற முறையைக் கற்றுத் திரும்பினார். இங்கிலாந்தில் அந்த முறை பின்னர் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட, ரூசலாரேயில் அது இன்றும் அன்றாட வேலையாக நடக்கிறது. 1998இல் பாம் நிறுவனத்தின் கைக்கும், பின்னர் நெதர்லாந்தின் ஸ்விங்கெல்ஸ் குடும்ப நிறுவனத்தின் கைக்கும் ஆலை மாறியபோதும் தொட்டிகள் இடம்பெயரவில்லை.

இந்த பீரை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு ஆகிய மூன்றும் இதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக வருவதால், புதிதாகச் சுவைக்கப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம்.

ஓக் தொட்டியில் இட்டு வைத்தால் மரத்தின் மணம் பீரில் இறங்கிவிடுமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். புதிய ஓக் பீப்பாயில் வைத்த விஸ்கியிலும் ஒயினிலும் வனிலா மணமும் தேங்காயை ஒத்த மணமும் ஏறுவது உண்மைதான். ரோடன்பாக் ஆலையிலோ 294 ஓக் தொட்டிகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவற்றுள் சில 150 ஆண்டுகளைக் கடந்தவை, பெரியவை ஏறத்தாழ 65,000 லிட்டர் கொள்ளும். இவ்வளவு காலம் பீரில் ஊறிய மரத்திடம் கொடுப்பதற்கு மணம் அதிகம் மிஞ்சியிருக்காது. ஆகவே கிராண்ட் க்ரூவை முகர்ந்துவிட்டு, பலமான வனிலா மணம் வருவதாகச் சொல்பவரை நான் கொஞ்சம் ஐயத்துடனேயே பார்ப்பேன்.

மரத்தின் பங்கு வேறு. ஓக் பலகையின் நுண்துளைகளில் பாக்டீரியாக்களும் காட்டு ஈஸ்ட்டும் குடியிருக்கின்றன. ஒரு தொட்டியைக் காலி செய்து அடுத்த பீரை நிரப்பும்போது அவை புதிய பீருக்குள் இறங்கி வேலையைத் தொடர்கின்றன. அதே நுண்துளைகளின் வழியாக வெளிக்காற்றும் மிகச் சிறிதளவில் உள்ளே கசிகிறது. காற்று அளவு மீறினால் அசிட்டிக் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை வினிகராக்கிவிடும். காற்றே இல்லையென்றால் இந்த வகைக்கு அடையாளமான அந்தக் கூர்மை வராது. தொட்டி பெரிதாக இருக்க வேண்டியதன் காரணமும் இதுவே. 225 லிட்டர் ஒயின் பீப்பாயில் உள்ள பீரின் அளவோடு ஒப்பிடும்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மரப்பரப்பு மிக அதிகம், அதனால் காற்றும் அதிகம். 65,000 லிட்டர் தொட்டியில் அந்த விகிதம் பல மடங்கு குறைந்துவிடுகிறது.

இத்தொட்டிகளைப் பேணுவதற்கென்றே ஆலையில் மரத்தொட்டித் தச்சர்கள் இருக்கிறார்கள். பலகைகளுக்கிடையே உள்ள இடுக்குகளில் கோரையை வைத்து அடைத்து, தேன்மெழுகைப் பூசிக் கசிவை நிறுத்துவது அவர்களுடைய பழைய கைவேலை.

கிராண்ட் க்ரூ முழுவதும் தொட்டியில் முதிர்ந்த பீர்தானா?

அல்ல. மூன்றில் இரண்டு பங்கு, ஈராண்டு முதிர்ந்த பீர். மீதி ஒரு பங்கு இளம் பீர். ஆல்கஹால் 6 விழுக்காடு. அதே ஆலையின் சாதாரண ரோடன்பாக்கில் இந்த விகிதம் ஏறக்குறையத் தலைகீழாக, நான்கில் மூன்று பங்கு இளம் பீராகவும் ஒரு பங்கு முதிர்ந்ததாகவும் இருக்கும், ஆல்கஹால் 5.2 விழுக்காடு.

கலப்பதைக் கலப்படம்போல எண்ணிக் குறைத்து மதிப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். தொட்டிக்குத் தொட்டி நுண்ணுயிரிகளின் கூட்டம் வேறுபடுவதால், ஒரே நாளில் நிரப்பிய இரு தொட்டிகளின் பீர்கூட ஈராண்டுக்குப் பின் ஒரே சுவையுடன் இருப்பதில்லை. ஒன்றில் புளிப்பு மிஞ்சியிருக்கும், இன்னொன்றில் பழமணம் தூக்கலாக இருக்கும், மற்றொன்று மந்தமாக நிற்கும். இவற்றைச் சுவைத்துப் பார்த்து, எதில் எவ்வளவு எடுத்து இளம் பீரோடு சேர்த்தால் சமநிலை கிட்டும் என்று முடிவு செய்வதே இந்த ஆலையின் மிக நுட்பமான வேலை. இளம் பீரில் மிஞ்சியுள்ள, முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் இனிப்பு, முதிர்ந்த பீரின் அமிலத்தைத் தணித்து ஏந்திக்கொள்கிறது. சுவைக்கும்போது நாம் உண்மையில் தேட வேண்டியது இந்த இரண்டும் சேரும் இடத்தைத்தான்.

எந்தக் குளிர்ச்சியில் பருக வேண்டும்? எந்தக் கோப்பை ஏற்றது?

8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்தால் இனிப்பும் மணமும் அடங்கி, புளிப்பும் துவர்ப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இந்த பீரைப் பற்றிய முறைப்பாடுகளில் பாதி இதனால் வருபவை என்றே நினைக்கிறேன். போத்தலை வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். கோப்பையைப் பொறுத்தவரை, அடி அகன்று வாய் சற்றுக் குவிந்திருந்தால் போதும். ஒயின் கோப்பையே தாராளம்.

ஊற்றியதும் எதைக் கவனிப்பது?

விளக்கொளியில் தூக்கிப் பிடித்தால், நடுவில் பழுப்பாகத் தெரியும் பீர் விளிம்பில் மாணிக்கச் சிவப்பாக ஒளிரும். இந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் வறுத்த மால்ட்டே காரணம். மரம் அல்ல, பழமும் அல்ல. நுரை வெளிர் பழுப்பு நிறத்தில் எழுந்து, விரைவிலேயே ஒரு மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடும். அமிலம் மிகுந்த பீரில் இது வழக்கம், குறையாகக் கொள்ள வேண்டாம்.

நிறத்தில் இதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை. ஆலையை வாங்கிய சகோதரர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் ரோடன்பாக் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். பெல்ஜியம் 1830இல் விடுதலை பெற்றபோது தேசியப் பேரவையில் உறுப்பினராக அமர்ந்தவரும் அவரே. செர்ரிப் பழம் ஊறவைத்துச் செய்யப்படும் இந்த ஆலையின் இன்னொரு பீர் அவர் பெயரைத் தாங்கி வருகிறது.

மணத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

முதலில் கோப்பையை அசைக்காமல் ஒருமுறை முகருங்கள். முன்னே வருவது புளிப்புச் செர்ரியின் மணம். அதை ஒட்டிப் பச்சை ஆப்பிளின் தோல், கொடிமுந்திரி, உலர்ந்த திராட்சை. பின்னால் கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகின் மணம் மெலிதாக நிற்கிறது. பிறகு கோப்பையைச் சுழற்றி மீண்டும் முகர்ந்தால், மூக்கின் உட்புறத்தை இலேசாகக் குத்தும் வினிகர் வாடை எழும். பழைய மரப்பெட்டியைத் திறந்ததும் வருவது போன்ற ஈரம் கலந்த மரவாசனையும் எனக்கு இந்த இரண்டாவது முகர்தலில்தான் கிடைக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த பீரில் முதன்மையாக இருக்கும் அமிலங்கள் இரண்டு. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலம் ஒன்று. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் மற்றொன்று. லாக்டிக் அமிலம் எளிதில் ஆவியாவதில்லை, ஆதலால் அதற்கு மணமென்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. அசிட்டிக் அமிலம் ஆவியாகக்கூடியது. எனவே முகரும்போது "புளிக்கிறது" என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தின் வேலை, அளவில் அது குறைவாக இருந்தாலும்கூட. முகர்ந்த மாத்திரத்தில் வினிகர் என்று முடிவுகட்டிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுபவர்கள், பீரில் உள்ள அமிலத்தின் பெரும்பகுதியை இன்னும் சந்திக்கவே இல்லை. அது நாக்கில் காத்திருக்கிறது.

பழமணத்துக்கு வேறு கணக்கு. இதில் பழம் எதுவும் சேர்க்கப்படவில்லை. அமிலங்களும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர்கள் என்ற சேர்மங்களை உருவாக்குகின்றன. காட்டு ஈஸ்ட்டான பிரெட்டனோமைசஸ் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஹியெல்டே கிளாசன் 1904இல் இந்த ஈஸ்ட்டைப் பற்றி அறிவித்தபோது, அவர் ஆராய்ந்தது நெடுநாள் கிடத்தி வைக்கப்பட்ட இங்கிலாந்து பீர்களின் தனிச்சுவைக்கு எது காரணம் என்பதையே. யூஜின் ரோடன்பாக் கற்றுவந்த முறைக்குள் இருந்த உயிர், அவர் அதைக் கற்ற பிறகுதான் பெயர் பெற்றது.

நாவில் எப்படி இருக்கும்?

ஒரு சிறு மிடறை வாயில் வைத்து, உடனே விழுங்காமல் நாக்கைச் சுற்றி ஓடவிடுங்கள். முதல் நொடியில் கன்னத்தின் உட்புறம் சுருங்கி, உமிழ்நீர் பெருகும். இதுதான் லாக்டிக் அமிலம்: அகன்ற, வட்டமான புளிப்பு, தொண்டையை அறுப்பதில்லை. அதன் மேல் அசிட்டிக் அமிலம் ஓர் ஊசிமுனையாக ஏறி, வந்த வேகத்தில் இறங்கிவிடும். முதன்முறை குடிப்பவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது மிடறில் வாய் புளிப்புக்குப் பழகிவிடும் என்பதால், தீர்ப்பைக் குறைந்தது மூன்றாவது மிடறு வரை ஒத்திவைப்பது நல்லது.

அடுத்து இனிப்பு. நாக்கின் நடுவில், புளிப்பின் அடியிலிருந்து மேலெழுவதுபோல, மால்ட்டின் கருகிய சர்க்கரைச் சுவை வருகிறது. இது தேன் போன்ற கனத்த இனிப்பு அன்று. புளிப்பு இல்லாமல் இருந்திருந்தால் கவனத்துக்கே வந்திருக்காது. இளம் பீர் கலந்ததன் பயன் இங்கேதான் தெரியும். இனிப்பும் புளிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் இந்த இரண்டொரு நொடிகளில்தான் செர்ரிப் பழத்தைக் கடித்தது போன்ற தோற்றம் முழுமை பெறுகிறது.

விழுங்கியபின் வருவது துவர்ப்பு. மரத்திலிருந்தும் தானிய உமியிலிருந்தும் வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈறுகளை மெல்ல உலர்த்துகிறது. இதை நான் இந்த பீரின் முதுகெலும்பாகவே கருதுகிறேன். துவர்ப்பு இல்லையென்றால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து பழரசமாகிவிடும். துவர்ப்பு வாயைத் துடைத்துவிடுவதால்தான் அடுத்த மிடறு புதிதாகத் தொடங்குகிறது. அதன் பிறகும் நெடுநேரம் தங்குவது ஆப்பிள் தோலையும் உலர்திராட்சையையும் நினைவூட்டும் ஒரு மெல்லிய புளிப்பு. வாயில் உணரும் கனம் நடுத்தரம், வாயுக்குமிழ்கள் அளவானவை. 6 விழுக்காடு ஆல்கஹால் இருந்தும் சூடு தெரியாது. தாகம் தணிக்கும் பீர் என்று இதற்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தத் தெளிந்த முடிவே. தெரியாத ஆல்கஹாலும் ஆல்கஹால்தான் என்பதை மட்டும் குடிப்பவர் மறக்கக் கூடாது.

கசப்பே இல்லையே, இது பீர்தானா?

பீர்தான். பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூக்கள் இதிலும் சேர்க்கப்படுகின்றன, ஆனால் மிகக் குறைவாக. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் லாக்டிக் பாக்டீரியாக்களை அடக்கிவிடும். புளிப்பைத் தேடிப் போகிறவர்கள் அதைத் தடுக்கும் பொருளைத் தாராளமாகக் கொட்ட முடியாது. தவிர, கடும் கசப்பும் கடும் புளிப்பும் ஒரே வாயில் சண்டையிட்டால் குடிப்பவருக்கு இரண்டுமே வெறுத்துப்போகும்.

வினிகர் வாடை எந்த அளவு வரை சரி? எப்போது அது குறை?

இவ்வகையில் சிறிதளவு அசிட்டிக் கூர்மை இருந்தே ஆக வேண்டும். விழுங்கும்போது தொண்டையில் எரிச்சல் எடுத்தாலோ, வினிகர் மணம் செர்ரியையும் மால்ட்டையும் மூடி மறைத்தாலோ எல்லை கடந்துவிட்டது என்று கொள்ளலாம். நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் நெடி அடித்தால் அது எத்தில் அசிட்டேட். அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் எஸ்டர். மிகச் சிறிய அளவில் பழமணமாகத் தோன்றும் அதே பொருள், அளவு கூடினால் நெடியாகிவிடுகிறது. உருகிய வெண்ணெயின் மணம் தூக்கலாக இருந்தால் அது டயசெட்டில் என்ற சேர்மம். பீடியோகாக்கஸ் பாக்டீரியா உண்டாக்கிய இதைப் பிரெட்டனோமைசஸ் உண்டு தீர்ப்பதற்குள் பீரைத் தொட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று ஊகிக்கலாம்.

இவற்றைவிடச் சிக்கலான குறை ஒன்று உண்டு: எலி வாடை. அவலை அடைத்து வைத்த பாத்திரத்தில் எலி புகுந்துவிட்டுப் போனால் எப்படி நாறுமோ, அப்படி. இதை முகர்ந்து கண்டுபிடிக்க இயலாது, ஏனெனில் இதற்குக் காரணமான சேர்மங்கள் பீரின் அமிலத்தன்மையில் ஆவியாவதில்லை. விழுங்கியபின் உமிழ்நீர் கலந்து அமிலம் தணியும்போதுதான் அவை விடுபட்டு, பத்திருபது நொடி கழித்துத் தொண்டையின் பின்புறத்திலிருந்து மூக்குக்கு ஏறுகின்றன. சிலருக்கு இது தெரியவே தெரியாது. ஒரே போத்தலைப் பகிர்ந்துகொண்ட இருவருள் ஒருவர் முகம் சுளிக்க, மற்றவர் அடுத்த கோப்பையை ஊற்றிக்கொண்டிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. சிறு ஆலைகளின் பீப்பாய்ப் பரிசோதனைகளில்தான் இக்குறையை அதிகம் காண முடிகிறது.

எந்த உணவோடு பொருந்தும்?

கொழுப்புள்ள எதனோடும். வடகடலில் கிடைக்கும் சிறு சாம்பல்நிற இறாலைக் கெட்டியான வெள்ளைச் சாஸோடு பிசைந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த குரோக்கெட், ஃபிளாண்டர்ஸ் கடற்கரை உணவகங்களில் எங்கும் கிடைக்கும். அதன் மேல் எலுமிச்சை பிழிவதற்குப் பதில் இந்த பீரை ஒரு மிடறு குடித்தால் போதும். பழுப்பு பீரில் மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்யும் ஸ்டோஃப்ஃபிலேஸும் நன்றாகப் பொருந்தும். முதிர்ந்த பாலாடைக்கட்டி இன்னும் பொருத்தம். மிளகாய்க் காரத்தோடு நான் பரிந்துரைக்க மாட்டேன். புளிப்பும் வாயுக்குமிழும் காரத்தின் எரிச்சலைத் தூண்டிவிடும்.

போத்தலைப் பல ஆண்டுகள் வைத்திருந்தால் மேலும் முதிருமா?

அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். முதிர வேண்டியது தொட்டியிலேயே முதிர்ந்துவிட்டது. கிராண்ட் க்ரூ பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டு அடைக்கப்படுவதால், போத்தலுக்குள் வேலை செய்ய உயிருள்ள ஈஸ்ட் இல்லை. வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, அச்சிட்ட நாளுக்குள் குடித்துவிடுவதே முறை. போத்தலிலேயே மறுநொதித்தல் நடக்கும், பிரஸ்ஸல்ஸ் பக்கத்துக் கேஸ் (gueuze) என்ற புளிப்பு பீர் வகைக்குத்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது பலனளிக்கும்.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைச் சுவைப்பது?

முதலில் அதே ஆலையின் ரோடன்பாக் விண்டேஜ். ஒரே ஒரு தொட்டியைத் தேர்ந்தெடுத்து, இளம் பீர் எதுவும் கலக்காமல் அடைக்கப்படும் இதில் ஆல்கஹால் 7 விழுக்காடு. கலப்பு என்ன செய்கிறது என்பதை, அது இல்லாத பீரைக் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புளிப்பு சற்று மிகை என்று தோன்றியவர்கள் எதிர்த்திசையில் செல்லட்டும்: அதே மேற்கு ஃபிளாண்டர்ஸின் ஃபிக்டே என்ற ஊரில் வெர்ஹாகே ஆலை செய்யும் டஷெஸ் டி பூர்கோன், ஓக் தொட்டியில் முதிர்ந்ததேயானாலும் இனிப்பு மேலோங்கியது.

அதற்குப் பிறகு பிரஸ்ஸல்ஸ் பக்கம் திரும்பலாம். அங்கே காய்ச்சிய சாற்றை அகன்ற திறந்த தட்டில் ஓரிரவு ஆறவிட்டு, காற்றிலும் கட்டடத்திலும் உள்ள நுண்ணுயிரிகளாலேயே நொதிக்கவைக்கிறார்கள். ஓர் ஆண்டு, ஈராண்டு, மூவாண்டு முதிர்ந்தவற்றைக் கலந்து அடைப்பதே கேஸ். 1900இல் தொடங்கப்பட்ட கான்டியோன் ஆலையின் கேஸில் இனிப்பின் சாயல்கூடக் கிடையாது. எலுமிச்சைத் தோல், ஈர வைக்கோல், குதிரைச் சேணம் என்று மணம் வேறு திசையில் போகும். அதை முதல் புளிப்பு பீராகக் குடித்துவிட்டு இந்த வகையையே வெறுத்தவர்கள் உண்டு. ஆகவே கிராண்ட் க்ரூவில் துவர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று கைகாட்டத் தெரிந்த பிறகு அதைத் திறப்பது நல்லது.